சபையறிய: தொலைக்காட்சியிலும் களரியிலும் கர்ணனின் மீட்சி

(கிரானில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு டி.வி. நாடகமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆம், டி.வி. நாடகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இன்று இந்த ஊரில் பிறக்கும் ஒரு பிள்ளை கர்ணன் என்ற பெயரை முதலில் கேட்பது பெரும்பாலும் அந்தத் திரையில்தான். அதன் பாட்டனார் அந்தப் பெயரை மத்தளச் சத்தத்தோடு, கூத்தின் வட்டக் களரி ஓரத்தில் பாயை விரித்துக் கிடந்து கேட்டவர். ஒரே கதை, ஒரே வீரன், ஒரே சாவு. ஆனால் பாட்டனுக்குக் கிடைத்த கர்ணனும் பேரனுக்குக் கிடைக்கும் கர்ணனும் ஒருவரல்லர் என்று நான் நினைக்கிறேன். அந்த வேறுபாடு நம் ஊர்களின் மனச்சாட்சியைத் தொடும் விடயம். அதனால்தான் இதை இங்கே பேச எடுத்துக்கொண்டேன்.

கர்ணன் குற்றவாளி. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். சூதாடிய சபைக்கு ஒற்றையாடையோடு இழுத்து வரப்பட்ட திரௌபதையை, ஐவரை மணந்தவள் என்பதால் வேசி என்று சொன்னவன் அவன். பாண்டவரின் ஆடையையும் அவள் ஆடையையும் களையும்படி துச்சாதனனை ஏவியவனும் வியாசரின் பாரதத்தில் அவன்தான். போரின் பதின்மூன்றாம் நாள், தனியே அகப்பட்ட அபிமன்யுவைச் சூழ்ந்து நின்ற மாவீரர்களில் ஒருவனாக அந்தப் பையனின் வில்லை வெட்டியவனும் அவனே. தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று வாழ்நாள் முழுக்க அவமானப்பட்டவன் என்பது உண்மை. பெற்றவள் ஆற்றில் விட்டாள் என்பதும் உண்மை. அந்த உண்மைகள் எதுவும் சபையில் நடந்ததை நடக்காததாக ஆக்கவில்லை.

இருந்தும் கர்ணனுக்காக நாம் அழுகிறோம். இந்த மட்டக்களப்பு வாவிக்கரை முழுவதும் அழுகிறது. அதே வாவிக்கரைதான் திரௌபதையைத் தெய்வமாகவும் வைத்திருக்கிறது. கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பிலும், படுவான்கரையில் பழுகாமத்திலும் அவளுக்குக் கோயில் உண்டு. பாண்டிருப்பில் பாரதப்போரின் 18 நாளை நினைந்து 18 நாள் சடங்கு நடக்கிறது. ஊர் ஆண்களே பாண்டவராகக் கோலம் கொண்டு வனவாசம் போகிறார்கள். அருச்சுனன் தவம் இருக்கிறான். கடைசியில் தீமிதிப்பு. விரதம் காத்து, கோயிலிலேயே தங்கி, நேர்த்திக்கடனோடு அந்த நெருப்பில் இறங்குகிறவர்கள் திரௌபதையின் மானத்தின் பேரில்தான் இறங்குகிறார்கள். அவளை அவமதித்தவனுக்காக இன்னோர் இரவில் கூத்துக் களரியில் அழுகிறவர்களும் இதே சனங்கள்தான்.

இது எப்படிச் சாத்தியம்? தெய்வத்தைப் பழித்தவனுக்குக் கண்ணீர் விடும் உரிமையை இந்தச் சனங்களுக்கு யார் தந்தது? என் கேள்வி இதுதான்.

தொலைக்காட்சி இதற்கு என்ன பதில் தந்தது என்று முதலில் பார்ப்போம். இந்தியாவின் தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கி, 94 பகுதிகளாக ஓடி, 1990 ஜூனில் முடிந்தது. அதற்கு வசனம் எழுதியவர் ராகி மசூம் ராசா. உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூர் பக்கத்தைச் சேர்ந்த முஸ்லிம் எழுத்தாளர். ஒரு முஸ்லிம் பாரதம் எழுதுவதா என்று எதிர்ப்புக் கிளம்பிய பிறகும் அவர் எழுதினார். கங்கைக்கரையில் பிறந்தவனுக்கு அந்தக் கதையில் பங்கு உண்டு என்ற உறுதியோடு எழுதினார். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசி, ஊர் மாறி ஊராக அடுத்தடுத்து வாழும் இந்தக் கரையில் அவர் பெயரை நன்றியோடு சொல்ல வேண்டும்.

அந்தத் தொடர் ஓடிய நாட்களில் ஞாயிறு காலைகளில் இந்தியத் தெருக்கள் வெறிச்சோடின. குளித்து, விளக்கேற்றி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டுவிட்டு அதன் முன் அமர்ந்தவர்கள் இருந்தார்கள். டி.வி. இல்லாதவர்கள் இருந்த வீட்டுக்குப் போனார்கள். ஆக, ஒரு சிறு காலத்துக்குத் தொலைக்காட்சி ஒரு சபையாக இருந்தது. பத்து வீட்டுச் சனம் ஒரு விறாந்தையில் கூடி இருந்து திரௌபதையின் அழுகையைக் கேட்டது. அதைக் கேட்டு யார் தலை குனிந்தார்கள், யார் எழுந்து வெளியே போனார்கள் என்பது பக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்தது.

2013இல் நிலைமை வேறு. ஸ்டார் நிறுவனத்தின் புதிய மகாபாரதம் செப்டெம்பரில் இந்தியில் தொடங்கியது. ஒக்டோபரில் விஜய் தொலைக்காட்சி அதைத் தமிழில் தந்தது. இங்கேயும் டிஷ் வழியே வீடு வீடாக வந்தது. நல்ல ஒளிப்பதிவு, நல்ல நடிகர்கள், செலவழித்த பணம் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. ஆனால் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி. சில வருடங்களில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொலைபேசி. கர்ணனின் சாவைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, காதில் செருகியைப் போட்டுக்கொண்டு, தனியாகப் பார்த்துவிடலாம். அழலாம். அடுத்த காணொளிக்குப் போகலாம்.

இந்தப் பார்வைக்கு ஏற்றபடி கர்ணனும் மாறினான். தேர்ச்சில்லு புதையும்போது கமெரா அவன் கண்ணுக்கு அருகே போகிறது. காட்சி மெதுவாகிறது. பின்னணியில் குரல் எழுகிறது. பழைய நினைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: ஆற்றில் மிதந்த பேழை, குருகுலத்தில் கேட்ட ஏச்சு, அரங்கில் பட்ட அவமானம். நினைவுகள் எல்லாம் அவனுக்கு நடந்தவை. அவன் செய்தவை பின்னுக்குப் போகின்றன. 2015இல் சோனி தொலைக்காட்சி அவனையே தலைவனாக வைத்து ‘சூர்யபுத்ர கர்ண்’ என்ற தொடரைத் தொடங்கியது. கதையை ஒருவனுடைய காயத்தின் உள்ளே இருந்து மட்டும் சொல்லத் தொடங்கினால் அவன் செய்த தவறெல்லாம் அந்தக் காயத்தின் விளைவாகிவிடும். அதன் பிறகு அவன் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? குற்றமே இல்லாதவனுக்கு மீட்சி எதற்கு?

2013 தொடரை நான் மதிக்கும் ஓர் இடமும் உண்டு. தேர்ச்சில்லு புதைந்து நிற்கும் கர்ணனோடு கண்ணன் நெடுநேரம் பேசும் காட்சி அது. உன் துன்பத்தை மட்டும் பார்த்தாய், உன்னைப்போல் ஒதுக்கப்பட்ட மற்றவர்களுக்காக உன் வில் ஒருமுறையும் வளையவில்லை என்ற கருத்தைக் கண்ணன் அவன் முன் வைக்கிறான். கர்ணன் மறுக்கவில்லை. ஏற்கிறான். வியாசரில் இப்படி ஒரு காட்சி கிடையாது. இருந்தாலும் இதை எழுதியவர் கர்ணனை நேசித்து எழுதியிருக்கிறார். அவனுக்குப் பொய்யான ஆறுதல் சொல்லாமல் இருக்கத் தெரிந்திருக்கிறது. தொலைக்காட்சியால் முடியாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் காட்சியின் துணிவு மற்றக் காட்சிகளில் இல்லை என்பதே என் மனத்தாங்கல்.

இனி வியாசரிடம் போவோம். அங்கே கர்ணன் வருந்துகிறான். நம்மில் பலர் கவனிக்காத இடம் இது. தூது முடிந்து திரும்பும் கண்ணன் அவனைத் தன் தேரில் ஏற்றிக்கொண்டு போய், நீ குந்தியின் மூத்த மகன் என்று சொல்கிறான். கர்ணன் அரசை மறுக்கிறான். வளர்த்த தாயையும் தகப்பனையும் துரியோதனனையும் விடமாட்டேன் என்கிறான். அந்தப் பேச்சின் நடுவே, துரியோதனனைச் சந்தோசப்படுத்துவதற்காகப் பாண்டவரைப் பார்த்துச் சொன்ன கொடுஞ்சொற்களை நினைத்து இன்று வேகிறேன் என்றும் சொல்கிறான். பிறகு ஒரு வேண்டுகோள்: இந்த இரகசியத்தைத் தருமனிடம் சொல்லிவிடாதே. தெரிந்தால் அவன் நாட்டை என்னிடம் தந்துவிடுவான், நான் அதைத் துரியோதனனிடம் தந்துவிடுவேன்.

அடுத்து ஆற்றங்கரையில் குந்தி அவனைச் சந்திக்கிறாள். அங்கும் இருவர் மட்டும்தான். அருச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்லமாட்டேன், எப்படியும் உனக்கு ஐந்து பிள்ளைகள் மிஞ்சுவார்கள் என்று வாக்குக் கொடுக்கிறான். அதன் பிறகு பீடுமர் விழுந்த நாள். அம்புப் படுக்கையில் கிடக்கும் கிழவரிடம், மற்றவர்கள் கலைந்து போன பின், கர்ணன் கண்ணீரோடு வருகிறான். இருவருக்கும் இடையே எத்தனை வருடப் பகை. பீடுமர் காவலர்களை விலக்கிவிட்டு, ஒரு கையால் அவனைத் தகப்பன்போல் அணைத்து, நீ குந்தியின் மகன் என்பது எனக்குத் தெரியும் என்கிறார். தன் கடுஞ்சொல்லைப் பொறுக்கும்படி கர்ணன் கேட்கிறான். அவர் பொறுக்கிறார். பாரதத்தில் இதைவிட அழகான மன்னிப்பு இன்னொன்று இருக்குமோ தெரியாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். கண்ணனுக்குத் தெரியும். குந்திக்குத் தெரியும். பீடுமருக்குத் தெரியும். கர்ணனுக்குத் தெரியும். நால்வரும் தனித்தனியே, இரவிலும் தேரிலும் ஆற்றங்கரையிலும், உண்மையைப் பேசிக்கொண்டார்கள், வருந்தினார்கள், மன்னித்தார்கள். சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. 18 அக்குரோணிப் படை அழிந்தது. அண்ணன் என்று தெரியாமலே தம்பி அவனைக் கொன்றான்.

இன்னொன்றும் உண்டு. கர்ணன் வருந்தியபோது பாண்டவரைச் சொன்னான். திரௌபதையின் பெயர் அந்த வருத்தத்தில் வரவில்லை. கண்ணனிடம் சென்ற வருத்தம், குந்தியிடம் சென்ற இரக்கம், பீடுமரிடம் சென்ற மன்னிப்பு, இவற்றில் எதுவும் அவள் வாசலுக்குப் போகவில்லை. சபை நடுவில் நடந்த குற்றத்துக்கு அவன் தேடிய மீட்சி முழுவதும் மறைவிடங்களில் நடந்தது. அதனால் அது பாதியில் நின்றது. இது என் தீர்ப்பு. வியாசர் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. அவர் காட்சிகளை அடுக்கிய விதத்தில் இது இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கதை எங்கே திரும்புகிறது என்றால், போர் முடிந்து கங்கைக்கரையில் எல்லோரும் இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும் இடத்தில். குந்தி எழுந்து நிற்கிறாள். கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் மூத்த அண்ணன், என் வயிற்றில் பிறந்தவன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறாள். ஒரு தாய் தன் வாழ்நாள் அவமானத்தைச் சபையில் எடுத்து வைக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் தருமன் உடைகிறான். சூது நடந்த சபையில் கோபத்தோடு இருந்தபோது கர்ணனின் பாதங்களைப் பார்த்தேன், அவை அம்மாவின் பாதங்களைப் போல இருந்தன, என் கோபம் தணிந்தது, காரணம் அப்போது விளங்கவில்லை என்று அவன் பிற்பாடு நாரதரிடம் அழுகிறான். கடைசியில் சொர்க்கத்துக்குப் போனவன் அங்கே துரியோதனன் வீற்றிருக்கக் கண்டு, கர்ணன் எங்கே, தம்பியர் எங்கே, திரௌபதை எங்கே என்று கேட்கிறான். அவர்கள் நரகில் கிடப்பதாகக் காட்டப்பட்டபோது அவர்களை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே நிற்கிறான். அவன் நின்ற பிறகே நரகம் மறைகிறது. கர்ணனும் திரௌபதையும் ஒரே மூச்சில் தேடப்படும் இடம் அதுதான். நம்பிக்கை என்று நான் சொல்வது இதை: தெய்வம் காட்டிய சொர்க்கத்தையே, தன் மனிதர்கள் இல்லாவிட்டால் வேண்டாம் என்று மறுக்கும் உறுதி.

தமிழில் கதை வேறு வழியாக வந்தது. வில்லிபுத்தூரார் பாரதத்தை 10 பருவங்களோடு நிறுத்திவிட்டார். கங்கைக்கரை நீர்க்கடன் அவரிடம் இல்லை. அதற்குப் பதிலாக வியாசரிடம் இல்லாத ஒன்றை அவர் நமக்குத் தந்தார். பதினேழாம் நாள், அம்புபட்டுச் சாய்ந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் கிழவேதியனாக வந்து யாசிக்கிறான். செய்த புண்ணியம் முழுவதையும் கேட்கிறான். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை. கர்ணன் தன் குருதியால் தாரை வார்த்துக் கொடுக்கிறான். உனக்கு என்ன வரம் வேண்டும் என்று கேட்டபோது, இனிப் பிறப்பு உண்டானால் இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும் என்கிறான். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தின் கர்ண மோட்சமும், 1964இல் பி.ஆர். பந்துலு எடுத்த கர்ணன் படத்தில் சிவாஜி கணேசன் கண்ணீரோடு கொடுக்கும் காட்சியும் இந்த ஊற்றில் இருந்து வந்தவை.

இந்தக் காட்சியைக் கர்ணனின் கொடைக்குச் சான்று என்றே நமக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். நான் அதில் வேறொன்றைக் காண்கிறேன். கண்ணன் கேட்டது புண்ணியத்தை மட்டும். பாவத்தைக் கேட்கவில்லை. சபையில் சொன்ன சொல்லும், அபிமன்யுவின் வில்லை வெட்டிய கையும் கர்ணனிடமே இருந்தன. நற்செயல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பாவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு கிடந்தவனைத்தான் கண்ணன் தழுவித் தன் உருவத்தைக் காட்டுகிறான். அந்தத் தரிசனம் கூலியாக வரவில்லை, அருளாக வந்தது. பாவம் துடைக்கப்பட்டதாகவும் வில்லியார் சொல்லவில்லை. குற்றம் குற்றமாகவே இருக்க, குற்றவாளி கைவிடப்படாமல் இருக்கிறான். நம் பாட்டிமார் திரௌபதைக்குத் தீ மிதித்துவிட்டுக் கர்ணனுக்கு அழ முடிந்தது இதனால்தான். அவர்கள் அவனை நிரபராதி என்று நினைத்து அழவில்லை.

இதைக் களரி எப்படி எடுத்து நடத்தியது என்று சொல்ல வேண்டும். கர்ணன் போர் நம் வடமோடிக் கூத்துகளில் ஒன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு அதை நவீன மேடைக்குச் சுருக்கித் தந்தபோது, அந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கியவர் நம் பக்கத்து வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்துப் பேராதனைக்குப் போன சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிப் பெரிய ஆய்வையே எழுதினார். கிரானில் இருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருந்த ஓர் அண்ணாவியாரின் தாளக்கட்டு இலங்கைத் தமிழ் நாடகத்தின் போக்கை மாற்றியது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு சட்டம் கொடுப்பார்கள், அதாவது ஆடுபவருக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டைக் கொடுப்பார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கும். மாதக்கணக்கில் ஆட்டம் பழகுவார்கள். சதங்கை அணிவார்கள். பிறகு அரங்கேற்றம், விடிய விடிய. களரி வட்டமானது, நாலு பக்கமும் சனம். வருகிற பாத்திரம் தான் யார் என்பதைத் தானே பாடிச் சொல்லும். பாடிய அடியை அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் திரும்பப் பாடுவார்கள். என்னை மிகவும் பாதித்தது இந்தத் திரும்பப் பாடுதல். ஒருவன் தன் வீரத்தைப் பாடினாலும் தன் பிழையைப் பாடினாலும் அது அவன் வாயோடு நிற்பதில்லை. ஊரின் குரல் அதை எடுத்து மறுபடி சொல்கிறது. அப்படிச் சொன்னதை இல்லை என்று பிறகு மறுக்க முடியாது. சோப்ராவின் தொடரில் காலம் என்ற குரல் கதை சொன்னது. கம்பீரமான குரல்தான். ஆனால் காலத்துக்கு முகம் கிடையாது, மறுநாள் கடைத்தெருவில் அதை யாரும் சந்திக்கப் போவதில்லை. களரியில் கர்ணன் யாருடைய மகன் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் நாளைக்கு அவர்களோடு வயலுக்குப் போவான்.

கூத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடிய கலை அது. சாதியும் பாத்திரம் கொடுப்பதில் புகுந்தது. திரௌபதை பேச வேண்டியதை எழுதியவர்கள் எல்லாம் ஆண்கள். 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கூத்தரும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கியபோது இந்தக் கேள்விகளைக் களரிக்குள்ளேயே வைத்து விவாதித்தார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. முடியவும் வேண்டாம்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள். சோப்ராவின் தொடர் முடிந்த அதே 1990 ஜூனில் இங்கே போர் மீண்டும் வெடித்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுடைய தாய்மாரில் பலருக்கு இன்றுவரை நீர்க்கடன் செய்யும் உரிமைகூடக் கிடைக்கவில்லை. இறந்தான் என்று சொல்ல யாரும் இல்லாதபோது எப்படி நீர் விடுவது? போர்க்காலம் முழுவதும் இந்த மாவட்டத்து அம்மன் கோயில்களில் உருவேறியவர்களிடம் போய், என் பிள்ளை இருக்கிறானா என்று கேட்ட தாய்மார் எத்தனையோ பேர். காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் சபையில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நானும் பாதிதான் சொன்னவன் ஆவேன். அதே 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்றவர்கள், சிறுவர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாளில் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். நம் பெயரைச் சொல்லி ஆயுதம் ஏந்தியவர்கள் மேல்தான் அந்தக் குற்றம் நிற்கிறது. நமக்கு நடந்ததை நினைவுகூர நாம் கூடுகிறோம். கூடத்தான் வேண்டும். நம் பக்கத்தால் நடந்ததைத் தனியாக இருக்கும்போது ஒப்புக்கொள்கிறோம், கர்ணன் தேரில் இருந்து ஒப்புக்கொண்டதுபோல. சபையில் சொல்வதில்லை. நம் காயத்தின் கதையை மட்டும் நமக்கே காட்டிக்கொண்டிருந்தால், தொலைக்காட்சி கர்ணனுக்குச் செய்ததை நாம் நமக்குச் செய்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இரண்டு பக்கத்துத் தாய்மாரும் கேட்பது ஒன்றுதான். யார் செய்தது என்பதைச் செய்தவர் தரப்பே எழுந்து நின்று சொல்ல வேண்டும். தண்டனை, இழப்பீடு, நினைவுத்தூண் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. குந்தி செய்தது அதைத்தான். அவளுக்கு அது பிந்தியது. இவ்வளவு பிந்தியும் அவள் செய்தாள்.

அண்ணாவிமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் இருக்கும் கூத்துக் கொப்பிகளையும் ஏடுகளையும் மழைக்கும் செல்லுக்கும் விடாதீர்கள். மாரி வெள்ளம் புலிபாய்ந்தகல் வழியை மூடும் ஒவ்வொரு வருடமும் ஒரு கொப்பி போய்க்கொண்டிருக்கிறது என்ற பயம் எனக்கு உண்டு. பல்கலைக்கழகமும் கல்லடியில் உள்ள விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கு படிக்கும் நம் பிள்ளைகள் இந்த வேலையைத் தங்கள் ஊரில் இருந்தே தொடங்கலாம். படி எடுங்கள். விடிய விடிய ஆடுவதை முழுவதுமாகப் பதிவு செய்யுங்கள், சிறந்த துண்டு என்று வெட்ட வேண்டாம். பிற்பாட்டையும் பதிவு செய்யுங்கள்.

கமெராவைக் கையில் எடுத்திருக்கும் இளைஞர்களிடம் இன்னொரு வேண்டுகோள். குறும்படம் எடுக்கிறீர்கள், நாளைக்குத் தொடரும் எடுப்பீர்கள். கர்ணன் கதையையும் நம் ஊர்க் கதைகளையும் எடுங்கள். குற்றம் செய்தவன் அழுவதோடு காட்சியை வெட்டிவிடாதீர்கள். அவனைத் திரௌபதையின் வாசல்வரை கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அவள் என்ன சொல்கிறாள் என்பதை அவளையே சொல்ல விடுங்கள். அவள் மன்னிக்காவிட்டால் அதையும் அப்படியே எடுங்கள்.